இடப்பக்கத்துக் கரை

கங்கம்மாவும் குப்புராஜும் பேசிக்கொள்ளாத நாட்களில்தான் சேலை மளமளவென்று வளரும். பேச்சு ஆரம்பித்தால் சண்டையில் போய் நிற்கும். சண்டை முற்றினால் ஆளுக்கொரு பக்கம் நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தரைப்பாலம் தாண்டி வந்து, ஏரிக்கரை மேல் கொஞ்சம் நடந்தால் வருகிற எங்கள் ஊரில் அவர்களுடையது ஒன்றுதான் பட்டுத்தறி. சத்தம் ஒரே சீராகக் கேட்டால் புருஷனும் பெண்டாட்டியும் பேசவில்லை என்று தெரிந்துகொள்வோம். சட்டென்று நின்றால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கக் கிளம்பிவிடுவோம். இதைவிட நல்ல பொழுதுபோக்கு அந்த நாளில் டிவியில்கூடக் கிடையாது.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற பட்டுச் சேலையை ஒருத்தராக நெய்ய முடியாது. ஒரு பக்கத்துக் கரையை நடுவில் உட்காருகிறவரே பார்த்துக்கொள்ளலாம். மற்ற கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தனி நாடா எறிய வேண்டும். உடல் நூலும் கரை நூலும் சேருமிடத்தில் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி மாட்டிக்கொண்டு திரும்பும். அதற்குக் கோர்வை என்று பெயர். நடுவில் கங்கம்மா உட்காருவாள். பக்கத்தில் குப்புராஜ்.

குப்புராஜ் நெசவுக்காரர் அல்ல. கூலிக்கு ஏர் ஓட்டிய வீட்டுப் பிள்ளை. வாலிபத்தில் கிணறு தூர் வாரும் வேலைக்குக் காஞ்சிபுரம் போனவர், தூர் வாரிய வீட்டுப் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெண்ணின் அண்ணன் துளசிராமன் எங்கள் ஊர் வரைக்கும் தேடி வந்து, வாசலில் நின்றபடியே கத்திவிட்டுப் போனார். குப்புராஜுக்கு இடது கைப் பழக்கம். துளசிராமன் கடைசியாகச் சொன்னது அதைப் பற்றித்தான். இந்தப் பீச்சாங்கைக்காரனோடு ஒரு தட்டில் கை வைத்தால் நான் எங்கப்பனுக்குப் பிறக்கவில்லை என்றார். பிறகு வருஷங்கள் போய், செல்போன் வந்து, அண்ணனும் தங்கையும் நல்ல நாள் கெட்ட நாளுக்குப் பேசிக்கொண்டார்கள். குப்புராஜை மட்டும் ‘மாப்ளே’ என்று அவர் வாய் கூப்பிட்டதே இல்லை. பேச்சில் வந்தால் ‘அந்த ஆளு’.

ஊரில் வேறு நெசவுக்காரர் இல்லாததால் கங்கம்மா புருஷனையே கரை போட உட்காரவைத்தாள். அவள் வீட்டு வழக்கப்படி முதலில் வலப்பக்கம் உட்காரவைத்தாள். மனுஷனுக்கு வலது கையில் நாடா போகவே இல்லை. நூல் அறுந்தது, ஜரிகை சுருண்டது, அவள் வாய் ஓயாமல் திட்டியது. கடைசியில் ஒருநாள் கோபத்தோடு கோபமாகத் தறியையே மாற்றிக் கட்டி அவரை இடப்பக்கம் உட்காரவைத்தாள். அன்றைக்கு இடது கையில் எடுத்த நாடாதான், பிறகு மாறவே இல்லை. அதன்பிறகு குப்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைக்கு வேலைக்குப் போனார். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருவார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித்தூக்கம் போடுவார். எழுந்ததும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தில் ஒருநாளும் அவர் தூங்கியதில்லை.

நெய்த சேலையெல்லாம் மொய்னுதீன் பாய் கடைக்குப் போகும். பாய்க்கு வீடு பழவேற்காட்டில், ஜவுளிக்கடை பொன்னேரியில். அவரிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முஸ்லிம் குடும்பங்கள் என்பதால் கங்கம்மாவின் கரையில் மயில் இருக்காது, அன்னம் இருக்காது, யாளி இருக்காது. கொடி, பூ, மாங்காய் இவைதான். ஆரம்பத்தில் ஒருமுறை தெரியாமல் கிளி போட்டுவிட்டாள். உயிருள்ள உருவத்தைக் கட்டிக்கொண்டு தொழ முடியாதே அம்மா என்று பாய் சேலையோடு திரும்பி வந்து நின்றார். அன்றிலிருந்து அவள் தறியில் தோட்டம் மட்டும் உண்டு, பறவை கிடையாது. இந்தக் கதைக்கு அது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயின் ஒரே மகள் உமைராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு நிக்காஹ் சேலை எடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீட்டார்தான். ஜவுளிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நாங்கள் என்ன எடுப்பது, நீங்களே எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். உமைரா குழந்தையிலிருந்து கங்கம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். அவளே ஊருக்கு வந்து, தறிப்பலகை மேல் உட்கார்ந்து, வெங்காயச் சருகு நிறத்தில் உடலும் கரும்பச்சையில் கரையும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தச் சேலைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றிய நாளில் கங்கம்மா தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தாள். எந்தச் சேலைக்கும் அவள் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

சேலை பாதிக்கு மேல் வளர்ந்திருந்தபோது பாய் நோன்பு வாயோடு வந்து சேர்ந்தார். கங்கம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, என்ன பாய் முகம் வாடிக் கிடக்கிறது என்றாள். பாய் சுற்றி வளைத்துச் சொன்னார். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்று கிடைத்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தில் கையால் நெய்ததற்குத்தான் இனி அந்தப் பெயர். பட்டணத்தில் மண்ணடியில் இருக்கிற மாப்பிள்ளையின் பெரியம்மா இதைப் பேப்பரில் படித்துவிட்டார். முத்திரை வைத்த காஞ்சிபுரம் பட்டில்தான் நிக்காஹ் நடக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

“நான் பொறந்தது எங்க பாய்? காஞ்சிபுரம். எங்கப்பன் தறியில குந்திக் கத்துக்கினேன். இங்க குந்திக்கினு நெய்ஞ்சா மட்டும் அது காஞ்சிபுரம் இல்லியா?”

“கை காஞ்சிபுரம்தாம்மா. தறி இங்க கீதே. அவங்க தறி எங்க கீதுன்னுதான் பாப்பாங்க.”

“அப்ப இத்தினி வருஷமா உங்க கடையில இன்னா சொல்லி வித்தீங்க?”

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “காஞ்சிபுரம்னுதான்” என்றார். சட்டத்தையும் குறை சொல்ல முடியாது, மிஷினில் ஓட்டிய சேலையை எல்லாம் காஞ்சிபுரம் என்று தலையில் கட்டுகிறார்கள், அதற்காக வந்தது என்றும் அவரே சொன்னார். நியாயமான மனுஷர். நியாயம் தனக்கு எதிராகத் திரும்பும்போதும் அதை நியாயம் என்று சொல்கிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆனால் மகள் கல்யாணம் ஆயிற்றே. போகும்போது வாசலில் நின்று, உன் அண்ணன் அங்கே நெசவாளர் சங்கத்தில்தானே நெய்கிறார், அவர் தறியில் நெய்த மாதிரி காட்டி முத்திரை வாங்க வழி உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு, நோன்பு நாளில் இப்படி ஒரு பேச்சு பேசிவிட்டேனே என்று அவரே நொந்துகொண்டு போனார்.

கங்கம்மா குப்புராஜின் செல்போனை வாங்கி அண்ணனிடம் கேட்டாள். அதைக் காதில் வைக்கவே தேவையில்லை, பேசுவது தெருவுக்கே கேட்கும். துளசிராமன் அந்தப் பக்கத்திலிருந்து உற்சாகமாகச் சொன்னது அத்தனையும் குப்புராஜ் காதில் விழுந்தது.

“இதுல இன்னா கீது கங்கம்மா, என் தறியில நெய்ஞ்சதுன்னு காட்டிக்கலாம். யார் நெய்ஞ்சதுன்னு கேட்டா நானு. கரை போட்டது உங்க அண்ணி. அந்த ஆளு பேச்சே எடுக்காத, இன்னா?”

கங்கம்மா சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வாள்? உமைரா இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதுதான் அவளுக்கு அப்போது தெரிந்தது. குப்புராஜ் பலகையில் போய் உட்கார்ந்தார். நாடாவை எடுத்தார், எறிந்தார், வாங்கினார். தறிச்சத்தம் சீராகக் கேட்டது. நாங்களும் வழக்கமான ஊடல்தான் என்று நினைத்தோம். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிட்டது, இது அந்த மௌனம் இல்லை. களிக்கு உப்பு போதவில்லை என்றால்கூட அவர் சொல்லவில்லை. கங்கம்மா வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ரம்ஜான் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. குழித்தறிக்கு மழைதான் எதிரி. சுவரோரம் ஊறி ஊறித் தண்ணீர் குழியில் சேரும். ஈரக்காற்றில் பாவு தொய்ந்து நூல் ஒட்டிக்கொள்ளும். அன்று குப்புராஜ் ஷிப்டு முடிந்து நனைந்தபடி வந்தார். உடம்பைக்கூடத் துவட்டாமல் குழியில் இறங்கி, சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். கங்கம்மா குனிந்து சொம்பை வாங்கி வாசலில் கொட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் வற்றிய பிறகு அவர் குழியிலேயே நின்றுகொண்டு பேசினார்.

“கம்பெனியில எனக்கு நம்பர்தான் கங்கா, பேரு கெடையாது. மேஸ்திரி நம்பர் சொல்லித்தான் கூப்புடறான். அதுக்கு நான் பேஜார் ஆவல. ஆனா இந்தக் கரையில நான் கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதையும் உங்கண்ணி பேருக்கு எழுதிட்டியே.”

கங்கம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதுக்கு இத்தினி நாள் வாயத் தொறக்காம இருப்பியா என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தன் முந்தானையாலேயே அவர் தலையைத் துவட்டிவிட்டாள். ஆனால் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. அண்ணனிடம் ஒத்துக்கொண்டாயிற்று, பாயிடம் சொல்லியாயிற்று, கல்யாணம் நெருங்கிவிட்டது. சேலை முந்திக்கு வந்து நின்றது.

தீபாவளிச் சீர் கொண்டுவருகிற சாக்கில் துளசிராமன் கிளம்பி வந்தார். திருவள்ளூர் வழியாக வந்தவர் மந்தார இலையில் கட்டிய கோயில் இட்லியும் பூவுமாக வீட்டு வாசலில் நின்றார். அன்றைக்குக் கத்திவிட்டுப் போன அதே வாசல். கங்கம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். குப்புராஜ் வேலைக்குப் போயிருந்தார். அன்று பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டதில் ஊத்துக்கோட்டை தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் புரண்டது. அந்தப் பக்கம் போனவர் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்.

துளசிராமன் காப்பியைக்கூடக் குடிக்காமல் தறிக்குப் போனார். நெசவுக்காரனுக்கு மற்றவன் தறியைப் பார்ப்பதில் உள்ள ஆசை சோற்றில்கூட இல்லை. சுருட்டியிருந்த சேலையைக் கொஞ்சம் பிரித்து, கரை சேருமிடத்தில் விரலை வைத்து நெடுக ஓட்டினார். விரல் நின்றது. திரும்ப ஓட்டினார். சாதாரணமாக வலப்பக்கம் சாய்ந்து போகும் கொக்கி இதில் இடப்பக்கம் சாய்ந்து போயிருந்தது. சாய்ந்திருந்தாலும் ஒரு கொக்கிகூடத் தளரவில்லை.

அந்த ஆளு எத்தனை வருஷமாக இப்படி உட்கார்ந்து போடுது என்று கேட்டார். அவர் உட்கார்ந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றாள் கங்கம்மா. துளசிராமன், நம் பக்கத்தில் இதை யாராவது உற்றுப் பார்த்தால் எங்கள் வீட்டுத் தறி இல்லை என்று தெரிந்துபோகும் என்றார். பரவாயில்லை, அந்தக் கரை உள்ளே போகிற மாதிரி மடித்துக் காட்டினால் போதும், பெட்டியில் வைத்து முத்திரை வாங்கிவிடலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

கங்கம்மா சேலையை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பச் சுருட்டினாள்.

“மடிச்சி மறைக்கறதுன்னா அவரு கையத்தாண்ணே மறைக்கணும். முத்திரை வாணாம். பாய் கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“பொண்ணு கல்யாணம் நின்னுடப் போவுதுடி.”

“கல்யாணம் நிக்காது. என் சேலை நின்னா நிக்கட்டும்” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அத்தனை ஆசையாக நெய்த சேலை, அழாமல் என்ன செய்வாள்? மூக்கைச் சிந்திவிட்டு வந்து, அண்ணன் போனிலிருந்து குப்புராஜின் செல்போனுக்குப் போட்டாள். தண்ணீர் வடியும்வரை ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் கிடந்தவரிடம், உன் கரை உன் பேரிலேயே இருக்கட்டும், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.  சாப்பிட்டியா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

இன்னும் முந்தி ஒன்றுதான் நெய்ய வேண்டியிருந்தது. துளசிராமன் அன்றைக்கே திரும்பியிருக்கலாம், திருவள்ளூர் பக்கம் வழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தங்கிவிட்டார். ஆள் வருகிற வரைக்கும் தறி சும்மா கிடப்பானேன், நான் கரை போடுகிறேன் என்று இடப்பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் தறியில் கிடந்த மனுஷர். நாடாவை வலது கையில் எடுத்தால் உடம்பைக் குறுக்கே திருப்ப வேண்டியிருந்தது. இடது கையில் எடுத்தால் அது பாதியில் நின்றது. நூல் அறுந்தது. கங்கம்மா முடிச்சுப் போட்டாள். திரும்ப அறுந்தது. அவள் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். துளசிராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. மழைக் குளிரில் அப்படி வேர்த்த ஆளை நான் பார்த்ததில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்து குப்புராஜ் வந்து சேர்ந்தபோது, மைத்துனர் தன் பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். துளசிராமன் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். “நமக்கு வரல. அவரையே குந்தச் சொல்லு” என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆளு என்பது அவரு என்று ஆகியிருந்ததை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். குப்புராஜ் காலைக் கழுவிக்கொண்டு குழியில் இறங்கினார். சேலை முடிகிறவரை துளசிராமன் பக்கத்தில் நின்று அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலையை வாங்க வந்த பாயிடம் கங்கம்மா நேரடியாகச் சொல்லிவிட்டாள். பாய் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கரையைத் தடவிப் பார்த்தார். பிறகு, மனசிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவிட்டாய் அம்மா என்றார். மண்ணடிக்கு நானே போய், இது எங்கள் பக்கத்தில் நெய்தது, முத்திரை கிடையாது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் அல்லாஹ் விட்ட வழி என்றார். போகும்போது துளசிராமனையும் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் போனார்.

மண்ணடிப் பெரியம்மா லேசுப்பட்டவர் இல்லை. பாய் போய்ச் சொன்னதும், முத்திரை இல்லாத சேலைக்கு நான் பொறுப்பில்லை, நிக்காஹ் சேலையை நானே கொண்டுவருகிறேன் என்று முடித்துவிட்டார். கல்யாணத்தன்று பழவேற்காட்டில் பாய் வீட்டு வாசலில் பந்தல். ஏரிக் காற்றில் துணி படபடத்தது. உள்ளே பெண்கள் கூடியிருந்த அறையில் பெரியம்மா தாம்பாளத்தில் சேலையை வைத்தார். பெரிய கடைச் சேலை, அசல் காஞ்சிபுரம், முத்திரை பளபளத்தது. கங்கம்மாவின் சேலை பீரோவில் இருந்தது. அறை மூலையில் நின்ற கங்கம்மா, நல்ல சேலை, ஜரிகை கனமாகக் கீது என்று தானே முன்வந்து சொன்னாள். மனசார சொன்னாள். அவளுக்குப் பொய்யாகச் சேலையைப் புகழத் தெரியாது.

பாயின் மனைவி ஆபிதா சேலையைப் பிரித்தாள். பிரித்தவள் கரையைப் பார்த்து நின்றுவிட்டாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா குனிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். கரை நெடுக ஒன்றின் பின்னால் ஒன்றாக அன்னப் பறவைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. கடையில் அவர் முத்திரையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பறவையைப் பார்க்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஆபிதா வீட்டு மரியாதை. உமைராதான் எழுந்து போய் பீரோவைத் திறந்து வெங்காயச் சருகுச் சேலையை எடுத்துவந்து பெரியம்மா மடியில் வைத்தாள். பெரியம்மா கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். கொடியும் பூவும் மாங்காயும்தான், ஒரு குருவிகூட இல்லை.

“இது எந்த ஊரு நெசவு?” என்றார்.

“ஊத்துக்கோட்டைப் பக்கம் பெரிம்மா. இவங்களும் இவங்க ஊட்டுக்காரரும் நெய்ஞ்சது” என்று உமைரா கங்கம்மாவைக் காட்டினாள். பெரியம்மா கங்கம்மாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் தங்கச்சி மகளுக்கும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கங்கம்மா நெய்த சேலையில் நிக்காஹ் நடந்தது.

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அவர்கள் வழக்கத்தில் தனித்தனி இலை கிடையாது. பெரிய தட்டில் பிரியாணி வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். ஒரு தட்டில் மொய்னுதீன் பாயின் தம்பியும், ஊரிலிருந்து கூடப் போயிருந்த நானும் உட்கார்ந்தோம். எதிரில் துளசிராமன் உட்கார்ந்தார். நாலாவது ஆளாகப் பாய் குப்புராஜைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போனார். வேறு இடம் இல்லை.

குப்புராஜ் சோறு தின்பது எல்லோரையும்போல வலது கையில்தான். ஆனாலும் அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தார். அன்று வாசலில் கேட்ட பழைய பேச்சு அவருக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சோற்றில் கை வைக்காமல் இருந்தோம். ஆவி பறந்துகொண்டிருந்தது.

துளசிராமன் தன் பக்கத்திலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்தார். எட்டி, குப்புராஜின் பக்கம் சோற்றின் மேல் வைத்தார்.

“கை வை மாப்ளே” என்றார். “ஆறிடப் போவுது.”